அபூர்வமாம், சாதுவாம்!

பிட்யூட்டரிக் கட்டி பற்றி நம் ஊரில் ஒரு கொள்கை நிலைபெற்றிருக்கிறது. நாலு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிடலாம். லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வரும். வந்தாலும் கேன்சர் கிடையாது. சந்தேகம் என்றால் ஸ்கேனில் தெரிந்துவிடும். தெரிந்துபோனால் மண்டையைத் திறக்க வேண்டும்; அதற்கு இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம். நோயாளியின் வீட்டார் மட்டும் இப்படிப் பேசினால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மருத்துவர்களிலும் பலர், வாயால் சொல்லாவிட்டாலும், இதையேதான் கடைப்பிடிக்கிறார்கள்.

கொள்கைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பரவலாக உள்ள நோயை முதலில் நினை, அரிதானதைக் கடைசியில் நினை என்பது மருத்துவக் கல்லூரியின் ஆரம்பப் பாடம். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் சீட்டோடு நிற்கும் வரிசையைப் பார்த்தவர் யாரும் அந்தப் பாடத்தைக் குறை சொல்ல மாட்டார். உடம்பு பெருத்தவர், சர்க்கரை உள்ளவர், பிரஷர் உள்ளவர் என வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு பிட்யூட்டரியில் ஒரு கோளாறும் இருக்காது. எல்லோருக்கும் ஹார்மோன் பரிசோதனை எழுதினால் என்ன ஆகும்? நூற்றில் 5 பேருக்குத் தப்பாக ‘இருக்கிறது’ என்று காட்டும் பரிசோதனையை ஒரு பேச்சுக்கு 10,000 பேருக்குச் செய்தால், 500 பேர் காரணமே இல்லாமல் தூக்கத்தைத் தொலைப்பார்கள். உண்மையிலேயே நோய் உள்ளவரை அந்தக் கூட்டத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. கணக்கைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்காமலே அனுப்புவதில்தான் சண்டை.

சுரப்பியைப் பற்றி இரண்டு வரி. மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. கொண்டைக்கடலை அளவு, எடை அரை கிராம் வாக்கில். தைராய்டு, அட்ரினல், சினைப்பை, விரை எல்லாவற்றுக்கும் உத்தரவு போவது இங்கிருந்துதான். இதில் முளைக்கும் கட்டிகளில் ஒரு பகுதி, யார் பேச்சையும் கேட்காமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். ப்ரோலாக்டின் சுரப்பது ஒரு வகை. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது இன்னொன்று. ஏ.சி.டி.எச். சுரந்து, அட்ரினலைத் தூண்டி, கார்டிசாலைப் பெருக்குவது மூன்றாவது; இதனால் வருவதுதான் குஷிங் நோய். தைராய்டைத் தூண்டும் நான்காவது வகையும் உண்டு. அது நிஜமாகவே அபூர்வம், அதை விட்டுவிடுவோம்.

1. அபூர்வம் என்று யார் எண்ணிப் பார்த்துச் சொன்னது?

பெரிய மருத்துவமனைக்கு எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பதை வைத்துத்தான் பல காலம் இந்தக் கணக்கு போடப்பட்டது. வந்து சேராதவர் கணக்கில் இல்லை. பெல்ஜியத்தின் லியேழ் மாகாணத்தில் 2006இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு வழியில் போனது. எல்லை வகுத்த சில வட்டாரங்களை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மருத்துவர் ஒவ்வொருவரிடமும் ‘உங்களிடம் பிட்யூட்டரிக் கட்டி நோயாளி யாராவது இருக்கிறாரா’ என்று கேட்டு எண்ணினார்கள். சுமார் 72,000 பேர் வாழும் இடத்தில் 68 பேர் கிடைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர். அதுவரை நம்பப்பட்டதைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். இவர்கள் தற்செயலாக ஸ்கேனில் புள்ளி தெரிந்தவர்கள் இல்லை, நோயால் அவதிப்பட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ப்ரோலாக்டின் கட்டி.

அதே விகிதம் நமக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கின் 7.21 கோடிக்குத் தமிழ்நாட்டில் மட்டும் அறுபதாயிரத்தைத் தாண்டும். தோராயமான பெருக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியே உண்மை என்றாலும் ‘லட்சத்தில் ஒருத்தர்’ என்கிற பேச்சு நிற்காது. தேடாத வரைக்கும் எந்த நோயும் அபூர்வம்தான்.

2. சராசரியை வைத்து ஒருவருக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

குண்டாக இருக்கிற எல்லோரிலும் குஷிங் நோய் அரிது, சரி. அதற்காக, குண்டாக இருக்கும் இந்தப் பெண்ணிடமும் அதே அளவுக்கு அரிது என்று எப்படிச் சொல்வது? அவளுடைய வயிற்றைப் பார்த்தீர்களா? சாதாரணமாகப் பெருத்தவருக்கும், பிள்ளை பெற்றவருக்கும் வயிற்றில் வெளுத்த கோடுகள் இருக்கும். கார்டிசால் மிகுந்தவருக்கு அந்தக் கோடு கத்திரிப்பூ நிறத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமாக, தோலுக்குக் கீழே ரத்தம் தெரிகிற மாதிரி இருக்கும். சாதாரணக் குண்டில் கை கால் எல்லாமே பருக்கும். இதில் நடுவுடம்பும் முகமும் பெருத்து, கையும் காலும் மெலியும். பஸ் கம்பியில் லேசாக இடித்ததற்கெல்லாம் கன்றிப்போகும். முக்கியமாக, தரையில் குந்தவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். தொடைத்தசை கரைந்தவரால் முடியாது. அம்மி, கோலம், இந்திய முறைக் கழிப்பறை என்று தரையோடு புழங்குகிற நம் பெண்கள், ‘எழுந்திருக்கவே முடியல சார்’ என்று தாங்களே வந்து சொல்கிறார்கள். பதில் என்ன கிடைக்கிறது? ‘வெயிட்டைக் குறைங்கம்மா.’

அரிதான நோய், அரிதான அடையாளங்களைக் காட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கும்போது, அது அரிது என்பதையே காரணமாக்கி ஒதுக்குவது எந்த ஊர் தர்க்கம்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. குஷிங் தோற்றத்தோடு ஒருவர் வந்தால் முதலில் தேட வேண்டியது கட்டியைக்கூட இல்லை. வெளியிலிருந்து உள்ளே போகிற ஸ்டீராய்டை. மூட்டுவலிக்குப் பொட்டலம் கட்டித் தரும் பொடி, மூச்சிரைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை, முகம் வெளுக்கப் பூசும் களிம்பு என எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். ‘இங்கிலீஷ் மருந்தே சாப்பிடறதில்லை’ என்று சொல்பவரிடம் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்த அன்றே நிறுத்தச் சொல்வதும் தப்பு. பல மாதம் தூங்கிய அட்ரினல் சட்டென்று விழிக்காது, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

3. கேன்சர் இல்லை என்றால் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமா?

பிட்யூட்டரிக் கட்டி உடம்பின் வேறு பகுதிக்குப் பரவுவது மிக மிக அரிது. அந்த மட்டில் சாதுதான். ஆனால் இது பரவிக் கொல்வதில்லை, சுரந்து கொல்கிறது. சிகிச்சை இல்லாத காலத்துக் குஷிங் நோயாளிகளைத் தொகுத்து 1952இல் வந்த அறிக்கையில், நோய் தொடங்கி ஐந்தாண்டுக்குள் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். தொற்று, மாரடைப்பு, பக்கவாதம். பல கேன்சர்களுக்கே இதைவிட நல்ல கணக்கு உண்டு.

வளர்ச்சி ஹார்மோன் கட்டியின் கதை இன்னும் வினோதம். எலும்பு வளர்ந்து முடியாத வயதில் வந்தால் ஆள் ஏழடி, எட்டடி என்று வளர்கிறார். வளர்ந்து முடிந்தபின் வந்தால் கை, கால், தாடை, மூக்கு, நாக்கு பெருக்கின்றன, அதுதான் அக்ரோமெகாலி. கூடவே சர்க்கரை, பிரஷர், இதய வீக்கம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. நாம் பார்ப்பது உயரத்தை மட்டும். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம்.

அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைர்ன் தன் உயரத்தை லண்டனில் காட்சிப்பொருளாக்கிப் பிழைத்து, 1783இல் 22 வயதில் இறந்தார். உடலைக் கடலில் போடுங்கள் என்று கேட்டிருந்தார். உடற்கூறு அறிஞர் ஜான் ஹன்டர் அதைக் கைப்பற்றி எலும்புக்கூடாக்கினார். அது இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அருங்காட்சியகத்தில் நின்றது. 1909இல் மண்டையோட்டைத் திறந்து பார்த்த மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங்கும் உடற்கூறு அறிஞர் ஆர்தர் கீத்தும் பிட்யூட்டரிக் குழி பெருத்திருப்பதைக் கண்டார்கள். 2011இல் பைர்னின் பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் ஒரு பிழை தெரிந்தது. அதே பிழை வட அயர்லாந்தில் இன்று உயிரோடு இருக்கும் சில நோயாளிக் குடும்பங்களிலும் இருக்கிறது. அதிசயப் பிறவி என்று வேடிக்கை பார்த்தவருக்கு ரத்த சொந்தங்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே நோய்.

மல்யுத்த உலகில் ‘ஆந்த்ரே த ஜயன்ட்’ என்று கொண்டாடப்பட்டவர் அக்ரோமெகாலியோடு 1993இல் 46 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார். நம் பிள்ளைகள் டிவியில் கைதட்டிய ‘தி கிரேட் காளி’க்கு 2012இல் அமெரிக்காவில் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தார்கள். துருக்கியின் சுல்தான் கோசென், 251 சென்டிமீட்டர், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகுதான் வளர்வதை நிறுத்தினார். இவர்களுக்காவது உயரம் காட்டிக்கொடுத்தது. நாற்பது வயதில் தாடை மட்டும் நீளுகிறவரை ‘வயசாக வயசாக மாமா ஜாடை வருது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அக்ரோமெகாலி கண்டுபிடிக்கப்பட ஐந்து முதல் பத்தாண்டுகூட ஆகிறது என்றால் காரணம், தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரியாது. பழைய வாக்காளர் அட்டையையும் இன்றைய முகத்தையும் அருகருகே வைத்தால் தெரியும். மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கினீர்களா, செருப்பு நம்பர் கூடியதா, பல்லுக்கு நடுவே சந்து விழுந்ததா, குறட்டை ஏறியதா? நாலு கேள்விதான்.

4. குடும்பத்தின் மானத்தில் மறைந்துபோவது பாதி.

பெல்ஜியக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு ப்ரோலாக்டின் கட்டி என்றேன். இது பெண்ணுக்கு மாதவிலக்கை நிறுத்தும். பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியும். அதை யாரிடம் சொல்வாள்? மாமியாரிடமா? பால் விஷயத்தை அவளும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. ‘பிசிஓடி’ என்று எழுதி, நடைப்பயிற்சி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பிசிஓடி உண்மையிலேயே மிகப் பரவலானது என்பதால் அந்தப் பெயருக்குள் எதையும் போட்டு மூடலாம். பிறகு கோயில், பரிகாரம், கரு உண்டாக ஊசி. ரத்தத்தில் ப்ரோலாக்டின் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை அந்தக் கோப்பில் சில சமயம் கடைசித் தாளாக இருக்கும்.

ஆணின் நிலை இன்னும் மோசம். ஆசை குறையும், விறைப்பு வராது, தாடி மீசை அடர்த்தி குறையும். இதற்கு நம் ஊரில் தெரிந்த வழி, சுவர் விளம்பரத்தைப் பார்த்து லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் போய் லேகியம் வாங்குவது. கொஞ்சம் படித்தவர் என்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஏன் குறைந்தது என்று கேட்க ஆளில்லை. ஆண்களிடம் இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்படும்போது பெரிதாக வளர்ந்திருப்பதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். வளர்ந்த கட்டி, மேலே குறுக்காகப் போகும் பார்வை நரம்புச் சந்திப்பை அழுத்தும். இரண்டு பக்கவாட்டுப் பார்வையும் போகும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார், ஏனென்றால் நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. வெளியே வந்து பைக்கை எடுத்தால் பக்கத்தில் வரும் ஆட்டோ தெரியாது. மருத்துவர் எதிரே உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் விரித்து, ஓரத்தில் விரலை ஆட்டி ‘தெரிகிறதா’ என்று கேட்டாலே இது பிடிபட்டுவிடும். கருவி ஏதும் தேவை இல்லை.

5. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமாம்!

இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடிய பரிசோதனை இது. வேறு காரணத்தால் இறந்தவர்களின் பிட்யூட்டரியைச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏழு பேருக்கு ஒருவரிடம் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள். ஆகவே தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒரு புள்ளி தெரிந்தால் அதுவே நோய் ஆகாது. மறுபுறம், குஷிங் நோயை உண்டாக்கும் கட்டி சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கணிசமான நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ.யில் எதுவுமே தெரியாது. அவர்களிடம் ‘ஸ்கேன் நார்மல், கவலைப்படாதீங்க’ என்பது கொடுமை. கவட்டை வழியாகக் குழாய் செலுத்தி, பிட்யூட்டரியின் ரத்தம் வடியும் சிரைகளிலிருந்தே மாதிரி எடுத்து ஏ.சி.டி.எச். அளக்கும் முறை இருப்பது இதற்காகத்தான்.

ப்ரோலாக்டினிலும் அவசரம் கூடாது. வாயுத் தொல்லைக்கு ஊரெல்லாம் விழுங்கும் மாத்திரைகளில் சேர்ந்திருக்கும் டாம்பெரிடோன் ப்ரோலாக்டினை ஏற்றும். சில மனநல மருந்துகளும் ஏற்றும். கர்ப்பம் ஏற்றும். தைராய்டு குறைந்தாலும் ஏறும். அதோடு பிட்யூட்டரியே வீங்கி, ஸ்கேனில் கட்டி மாதிரி காட்டும். அப்படிப்பட்டவருக்கு வேண்டியது தைராக்சின் மாத்திரை, அதில் வீக்கமும் வடியும். கத்தி வைத்தால் நல்ல சுரப்பி போகும். முதலில் ஆளைப் பார், பிறகு மருந்துச் சீட்டைப் பார், பிறகு ரத்தம், கடைசியில் ஸ்கேன். இந்த வரிசை தலைகீழானால் நோய் இல்லாதவர் நோயாளியாவார், நோயாளி தப்பிப்போவார். எல்லோருக்கும் ஸ்கேன் எழுதுவதும் யாரையும் சந்தேகிக்காததும் பார்க்காமல் இருப்பதற்கான இரண்டு வழிகள்தான்.

6. மண்டையைத் திறக்க வேண்டும் என்பது நூறாண்டுப் பழைய பயம்.

ப்ரோலாக்டின் கட்டிக்கு முதல் சிகிச்சை அறுவையே இல்லை. கேபர்கோலின் மாத்திரை, பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு முறை. 1994இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அதை எடுத்த பெண்களில் 83 சதவீதத்தினருக்கு ப்ரோலாக்டின் சரியான அளவுக்கு இறங்கியது. பெரிய கட்டிகளும் மாத்திரையிலேயே சுருங்குவதுண்டு. மூளைக் கட்டி என்று கேட்டதும் மஞ்சள் துணியில் காசு முடிகிற குடும்பத்திடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டாமா?

மற்ற இரண்டு வகைக்கு அறுவைதான் முதல் வழி. அதுவும் மூக்கு வழியாக. 1907இல் இன்ஸ்புருக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் இதைத் தொடங்கிவைத்தார். ஹார்வி குஷிங் மேலுதட்டின் உட்புறமாக நுழைந்து இருநூறுக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார், பிறகு கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்கே போனார். பெரியவர் கைவிட்டதால் ஏறக்குறைய உலகமே கைவிட்டது. விடாத சிலரில் ஒருவர் எடின்பரோவின் நார்மன் டாட். அவரிடம் பாரிசின் ழெரார் கியோ கற்றார், கியோவிடம் மான்ட்ரியாலின் ழூல் ஆர்டி கற்றார். ஆர்டி 1960களில் நுண்ணோக்கியைக் கொண்டுவந்து, நல்ல சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்துக் காட்டினார். சபை மரியாதைக்காக ஒரு நல்ல வழி முப்பது நாற்பதாண்டு தூங்கியிருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றிப் படர்ந்த பெரிய கட்டியை முழுதாக எடுக்க முடியாது. மிச்சத்துக்கு மாதாமாதம் போடும் ஊசியின் விலை நடுத்தரக் குடும்பத்தையும் ஆட்டிவிடும். இந்த அறுவையை அடிக்கடி செய்து கைபழகியவரிடம் போகாவிட்டால் முடிவும் மோசமாகும். எல்லாம் உண்மை. ஆனால் இவை அத்தனையும் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்லும் காரணங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது கைதேர்ந்தவர் எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

7. செலவும் நேரமும் யார் கொடுப்பது என்கிறார்கள்.

குஷிங் நோய்க்கான முதல் பரிசோதனை என்ன தெரியுமா? இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் ஒரு மில்லிகிராம், காலை 8 மணிக்கு ரத்தம். கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் நோய் இல்லை. இறங்காவிட்டால் அடுத்த கட்டம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு அளவு பொய்யாக ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் மாத்திரையின் விலை ஒரு டீக்கும் கீழே. வளர்ச்சி ஹார்மோனுக்கு ஐ.ஜி.எஃப்.-1 என்ற ஒரு ரத்தப் பரிசோதனை, செலவு சற்றுக் கூட. இதை எல்லோருக்கும் செய்யச் சொல்லவில்லை. கத்திரிப்பூக் கோடு உள்ளவருக்கு, மோதிரம் ஏறாதவருக்கு, பால் கசிகிறவளுக்கு. அப்படி வடிகட்டியபின், தொடக்கத்தில் போட்ட 10,000 பேர் கணக்கு இங்கே செல்லாது.

8. கொஞ்சம் தாமதமானால் என்ன என்பவருக்கு.

வளர்ச்சி ஹார்மோன் அடங்கியதும் விரல் வீக்கம் வடியும், சர்க்கரை இறங்கும், குறட்டை குறையும். நீண்ட தாடை எலும்பு நீண்டதுதான், தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். கார்டிசால் சீரானபின் தசை தேறும். அதற்குள் நொறுங்கிய முதுகெலும்பு பழைய உயரத்துக்கு வராது. ப்ரோலாக்டின் கட்டி அழுத்தியதால் மங்கிய பார்வை, மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே தெளிவதுண்டு. நரம்பு வெளிறிச் சுருங்கிப்போனபின் தொடங்கினால் அதே மாத்திரை கட்டியைச் சுருக்கும், பார்வையைத் தராது.